லக்கி பாம்பூ வளர்க்கலாம், கிணற்றுத் தண்ணி மட்டும் வேண்டாம்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த லக்கி பாம்பூ மூன்று மாதம்தான் தாங்கியது. இலை நுனி கருகியது, அப்புறம் தண்டு அடியிலிருந்து மஞ்சளடித்துக்கொண்டு மேலேறியது. கிழமை தவறாமல் கிணற்றில் அள்ளித் தண்ணி மாற்றினேன். பிழையே அந்தத் தண்ணிதான் என்று பிறகுதான் விளங்கியது.

பெயரில்தான் மூங்கில். மூங்கில் புல் இனம். இது டிரசீனா சாண்டேரியானா என்ற செடி, சொந்த ஊர் மத்திய ஆபிரிக்கா. காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்வதால் வீட்டுக்குள் கிடைக்கும் வெளிச்சமே போதும். ஆனால் தண்ணியில் உப்பு ஏறினால் தாங்காது.

வாங்கும்போது தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தாலோ, எங்காவது மஞ்சள் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். வேர் செம்மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல வேரின் நிறமே அதுதான். கறுத்து, வழுவழுத்து, நாறினால்தான் அழுகல். எத்தனை தண்டு என்பது உங்கள் விருப்பம். சீனர்கள் மட்டும் நான்கு வைக்க மாட்டார்கள். அவர்கள் மொழியில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி.

வீட்டுக்கு வந்ததும் சுற்றியிருக்கும் கம்பி, ரிபன் எல்லாவற்றையும் கழற்றி, தண்டையும் வேரையும் கழுவுங்கள். வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்று எடுங்கள், பழைய ஜாம் போத்தலே போதும். அடியில் கழுவிய கூழாங்கல் போட்டுத் தண்டை நிறுத்துங்கள். வேர் மூடி, அதற்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணி நின்றால் சரி. கழுத்துவரை நிரப்பினால் தண்டு அழுகும்.

இனித் தண்ணிக்கு வருவோம். உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றில் ஊறுவது அதைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணி. கடற்கரைப் பக்கம் என்றால் உவரும் சேரும். கொதிக்க வைத்து ஆற்றினால் சுண்ணாம்பு கொஞ்சம் படியும், உப்பு அப்படியே இருக்கும். எனவே மழைத்தண்ணிதான் நல்லது. ஐப்பசியில் பெய்யும் முதல் மழை ஓட்டிலுள்ள தூசி, காக்கை எச்சம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும், அதைப் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று மழை போன பிறகு பீலியில் பிடித்து, வடித்து, இறுக மூடி நிழலில் வையுங்கள். ஒரு சின்னப் போத்தலுக்குக் கிழமைக்கு ஒரு கோப்பை போதும். ஐந்து லீற்றர் கான் இரண்டு நிரப்பினால் அடுத்த மாரிவரை வரும். மழைத்தண்ணி இல்லையென்றால் குடிக்க வாங்கும், உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணியில் ஒரு கோப்பை. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, "மனுசருக்கே காசு குடுத்துத் தண்ணி, இதுக்குமா?" என்றார்.

கிழமைக்கு ஒருமுறை தண்ணியை முழுதாக மாற்றுங்கள். சும்மா ஊற்றி நிரப்புவது சரிவராது. டெங்கு நுளம்பு போத்தலின் உட்சுவரில்தான் முட்டை ஒட்டும்; முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் உள்ளே தும்பு பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மாரியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வீடு பார்க்க வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பதும் இப்படிப்பட்ட போத்தல்களைத்தான்.

யன்னலோரம் நல்ல இடம், ஆனால் வெயில் நேரே விழக் கூடாது. மேற்குப் பக்க யன்னலென்றால் சீலை போடுங்கள். பசளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, திரவப் பசளையில் ஒரு சொட்டு. பூனை, நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், கடித்தால் வாந்தி எடுக்கும்.

மஞ்சளான தண்டு திரும்பப் பச்சையாகாது. மேலே பச்சை மிச்சமிருந்தால், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி மழைத்தண்ணியில் வையுங்கள். தண்டின் மேல்முனை வெறும் வெட்டுவாயாக இருந்தால் அங்கே மட்டும் மெழுகுதிரியை உருக்கி ஒரு சொட்டு விடுங்கள். என் முதல் செடியில் அப்படித் தப்பியது ஒரு சாண் துண்டுதான். நாலாம் கிழமை கணுவில் அரிசி அளவில் செம்மஞ்சளாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. இப்போது அது குசினி யன்னலில், ஜாம் போத்தலில் நிற்கிறது.