திருமலை (திருகோணமலை) ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

கொழும்புக்கு இரவு மெயில் ரயிலில் போக நினைத்தால், புறப்படும் நாளன்று டிக்கெட் எடுக்க ஸ்ரேசனுக்கு ஓடாதீர்கள். திருவிழா, நீண்ட விடுமுறை என்றால் ஆசனங்கள் முன்பே தீர்ந்துவிடும். முன்பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் வேண்டும். பயணத்தின்போதும் அட்டை கையில் இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து திரும்பும்போதுதான் கவனம். கல்லோயாச் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக நம்மூருக்கு, மற்றது மட்டக்களப்புக்கு. மட்டக்களப்பு ரயிலில் ஏறினால் கல்லோயாவில் இறங்கி மாற வேண்டும். அடுத்த ரயில் எப்போது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். தூங்கிப்போனால் விடியும்போது மட்டக்களப்பு வாவிதான்!

நேர விபரத்துக்கு 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்தை அழைக்கலாம். அப்புறம், வழிக்குத் தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.