ஞாயிறு நற்செய்தியைச் சனி இரவே வாசியுங்கள்

காட்பாடியிலிருந்தோ சத்துவாச்சாரியிலிருந்தோ அவசரமாக ஞாயிறு திருப்பலிக்கு (கத்தோலிக்கக் கோயில் பூசைக்கு) வந்து சேர்ந்தால் வாசகம் காதில் விழும், மனதில் தங்காது. சனி இரவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் நற்செய்தி, அடுத்து முதல் வாசகம். பொதுக்கால ஞாயிறுகளில் (தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்களில் சேராதவை) முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருந்தத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் ஒரு திருமுகத்தின், அதாவது புதிய ஏற்பாட்டுக் கடிதத்தின், தொடர் வாசிப்பு. மூன்றையும் ஒரே கருத்தில் இழுத்துக் கட்டப் போய்த்தான் பலர் குழம்புகிறார்கள்.

அதே செய்தியை வேறொரு நற்செய்தி சொல்லும் இணைப் பகுதியையும் பாருங்கள். சிலுவையைத் தூக்கச் சொல்லும் இடத்தில் மத்தேயுவிலும் (16:24) மாற்கிலும் (8:34) இல்லாத 'நாள்தோறும்' லூக்காவில் (9:23) உண்டு. எவ்வளவு பெரிய சொல் அது!

கடைசியாக, வாசித்ததை வைத்து இந்த வாரம் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 'அன்பாயிருப்பேன்' என்றால் புதனுக்குள் மறந்துபோகும். 'பேச்சு நின்றுபோன அண்ணனுக்குச் செவ்வாய் மாலை போன் செய்வேன்' என்று ஆளையும் நாளையும் குறித்தே எழுதுங்கள்.