வெட்டுக்கிளி ஹெலிகாப்டர் ஆன கதை

போன ஞாயிறு மாலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வேதபாட வகுப்பு. ஒரு தம்பி எழுந்து, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், ஒன்பதாம் அதிகாரத்துக் காட்சியில் வரும் வெட்டுக்கிளிகள் ட்ரோன்கள்தான் என்றான். சிறகுச் சத்தம் ரதங்களின் இரைச்சல் போலிருக்கும் என்ற வசனம் அவனுக்கு ஆதாரம். எனக்குச் சிரிப்பு வந்தது. 1991 வளைகுடாப் போர் நேரத்தில் அதே வசனத்தை வைத்து அதே வெட்டுக்கிளிகளை ஹெலிகாப்டர் என்று நோட்டில் எழுதியவன் நான். பக்கத்தில் படம்கூட வரைந்திருந்தேன்.

தீர்க்கதரிசிகள் கண்ட காட்சிகளை வாசிக்கும்போது நாம் செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தானியேல், எசேக்கியேல் என்ற இரண்டு தீர்க்கதரிசிகளின் புத்தகங்களைக் குழப்பிக்கொள்வதெல்லாம் பழகினால் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து வாசிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து சில வாரம். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷம் எட்டாம் அதிகாரத்தை எடுத்தேன். இரண்டாம் எக்காளம் ஊதுகிறது. எரிகிற பெரிய மலை போன்ற ஒன்று கடலில் விழுகிறது. கடலில் மூன்றில் ஒரு பங்கு இரத்தமாகிறது. கப்பல்களில் மூன்றில் ஒரு பங்கு சேதமாகிறது. இதோ நிறைவேறிவிட்டது என்று முழங்கினேன். கூட்டம் கலைந்தபின் ஒரு அம்மா கிட்டே வந்து, "அப்போ எம் புள்ளைய எடுத்துக்கிட்டது அந்த எக்காளமா ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வீட்டில் அப்புறம் என்னைப் பேசக் கூப்பிடவில்லை.

சுனாமி வந்தது சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நடந்த பூகம்பத்தால். மலை விழவில்லை, நெருப்பு இல்லை, இரத்தம் இல்லை. பொருந்தாத மூன்றையும் விழுங்கிவிட்டு, கடல், கப்பல் என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். அந்தக் காட்சிகளை எழுதிய யோவான் புத்தகத்தை அனுப்பியது எபேசு, சிமிர்னா முதலான ஆசியாவின் (அன்றைய ரோம மாகாணம்) ஏழு சபைகளுக்கு. அதன் படங்களில் பாதிக்கு மேல் பழைய ஏற்பாட்டு வாசனை அடிக்கும். தண்ணீர் இரத்தமாவது யாத்திராகமத்தில் எகிப்துக்கு வந்த வாதை. எரேமியா 51இல் பாபிலோனே ஒரு மலை. அதை எரிந்த மலையாக்குவேன் என்கிறார் கர்த்தர். ஒரு சொல் பைபிளில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியத்தைப் புரட்டியிருந்தால் அரை மணி நேர வேலை. நான் புரட்டியது பேப்பரை.

விளக்கம் கீழேயே இருக்க, கற்பனை செய்வது

எசேக்கியேல் காட்சியில் கண்ட உலர்ந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சத்தார் என்று எசேக்கியேல் 37:11 சொல்லிவிடுகிறது. தானியேல் எட்டின் காட்சியில் வரும் ஆட்டுக்கடா மேதியா பெர்சியா ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்று அதே அதிகாரமே சொல்கிறது. இன்னும் பத்து வசனம் வாசித்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

பழக்கூடையைப் பார்த்ததும் ஆசீர்வாதம் என்பது

தீர்க்கதரிசி ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் காணும் கோடைப்பழக் கூடைக்கு, பண்ருட்டிப் பலா சீசனை உவமை சொல்லி, செழிப்பு வருகிறது என்றார் ஒரு அக்கா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எபிரெயத்தில் கோடைப்பழம் 'காயிட்ஸ்', முடிவு 'கேட்ஸ்'. பழம் என்று ஆமோஸ் வாயைத் திறந்ததும், இஸ்ரவேலுக்கு முடிவு வந்தது என்கிறார் கர்த்தர். எரேமியா பார்த்த வாதுமை (பாதாம்) கிளையும் இப்படித்தான்: 'ஷாக்கேத்' வாதுமை, 'ஷோக்கேத்' விழித்துக் கவனிக்கிறவர். தமிழில் இந்தச் சிலேடை தொலைந்துபோகிறது. (நம் தெருவில் நிழல் தருகிற வாதாங்கொட்டை மரம் வேறு. அதை வைத்தும் ஒரு பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.)

எண்ணுக்கும் நிறத்துக்கும் அகராதி போடுவது

இந்த எண்ணுக்கு இதுதான், இந்த நிறத்துக்கு இதுதான் என்று ஒரே பொருள் கட்டிவைப்பது. வேண்டாம்.

தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவது

குத்துவிளக்கையும் இரண்டு ஒலிவமரங்களையும் பார்த்த சகரியாவிடம், இது என்னவென்று தெரியாதா என்று தூதன் கேட்கிறான். தெரியாது, ஆண்டவனே என்கிறார் தீர்க்கதரிசி. ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை. தானியேலோ, தூதன் விளக்கின பிறகும் திகைத்து, சில நாள் சுகமில்லாமல் கிடந்து, அப்புறம் எழுந்து ராஜாவின் வேலையைப் பார்க்கப் போனார்.