லெஃப்ட் ஹேண்ட் பார்ட்டுக்கு கன்ட்ரோல்ல மிரர் போடாதீங்க

ஓசூர் சிப்காட் பக்கம் ஜாப் ஒர்க் பண்ற நம்மாளுங்களுக்கு ஒரு விஷயம். ஜோடி பார்ட்ல ரைட் ஹேண்ட் புரோகிராம் ஓகே ஆயிடுச்சேன்னு ஃபானுக் சிஎன்சி கன்ட்ரோல்ல மிரர் பண்ற கோடு ஜி51.1 போட்டு எக்ஸை மிரர் பண்ணா அதோட கண்ணாடி பிம்பமா லெஃப்ட் பார்ட் வரும்தான், ஆனா ஸ்பின்டில் அதே பக்கம்தானே சுத்தும், அதனால கிளைம்ப் கட் (சிப் தடிப்பா ஆரம்பிச்சு மெலிசா முடியுறது) பூரா அதுக்கு நேரெதிரான கன்வென்ஷனலா மாறி ஃபினிஷும் கெட்டு சைஸும் லேசா நகந்துடும். கேம் (CAM) சாஃப்ட்வேர்ல மாடலையே மிரர் பண்ணி டூல்பாத்தை புதுசா ஜெனரேட் பண்ணுங்க.

அஞ்சு ஆக்சிஸ் மெஷின்னா (ஏ, பி, சிங்கிறது எக்ஸ், ஒய், இசட்டை சுத்தி திரும்புற ஆக்சிஸ்) எக்ஸ் மிரருக்கு பி, சி ரெண்டும் பிளஸ் மைனஸ் மாறும், ஏ மாறாது. பி டில்ட் ஆகுற மெஷின்ல மைனஸ் பக்கம் லிமிட் கம்மியா இருக்கலாம், பாத்துக்கோங்க. த்ரெட்டை மாடல்ல வரைஞ்சிருந்தா அதுவும் லெஃப்ட் ஹேண்ட் த்ரெட்டா திரும்பிடும், அப்புறம் எம்8 போல்ட் ஏறவே ஏறாது. பார்ட் நம்பர் எழுத்தும் அப்படித்தான், மிரர் பண்றதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.