காலைச் சிடுசிடுப்பு குறைய: எழும் நேரம், வெயில், ஒரு தினசரி காலண்டர்

தியானம், ஜிம் என்று பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

1. எழும் நேரத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். பத்து மணிக்குத் தூங்கியே ஆக வேண்டும் என்று படுத்தால் புரண்டுகொண்டுதான் இருப்போம். ஆறு என்றால் ஆறு, ஞாயிறும் சேர்த்து.

2. நன்றாக விடிந்ததும் வெளியே வாருங்கள். டியூப்லைட் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் அறைக்குள் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். விழித்திரையில் உள்ள சில செல்கள் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் மூளைக்குப் பொழுதைச் சொல்கின்றன. இரவில் தூக்கம் நேரத்தோடு வரும். தூங்கி எழுந்தவருக்கு எரிச்சலும் குறைவு. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

3. அப்படியே இருபது நிமிடம் நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். மீதிப் பத்து நிமிடம் கடைக்குப் போய் வந்தால் சரியாகிவிடும்.

4. போன். எல்லாரும் வழுக்கும் இடம் இதுதான். அலாரத்தை அணைக்கக் கையில் எடுப்போம். குடும்பக் குரூப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், அதற்குக் கீழே ஆபீஸ் மெசேஜ், அப்புறம் யாரோ யாரையோ திட்டும் வீடியோ. நிமிர்ந்தால் ஆறே முக்கால். போனை அடுப்படியில் மிக்ஸி பக்கத்தில் சார்ஜ் போடுங்கள். பேட்டரி அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கி, எழுந்து போனால்தான் எட்டும் இடத்தில் வையுங்கள். ஸ்மார்ட்வாட்ச் வேண்டவே வேண்டாம். தூக்கத்துக்கு மார்க் குறைந்துவிட்டது என்று கவலைப்படுவது தனி வியாதி.

5. நடந்து வந்த பிறகே தினசரி காலண்டரில் தாளைக் கிழியுங்கள். இரவு அதன் பின்புறம் அன்றைய மனநிலைக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். ஒரு நாள் மார்க்கைப் பார்க்காதீர்கள், கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து மாதக் கடைசியில் மொத்தமாகப் புரட்டுங்கள். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பே இல்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், நடை மட்டும் போதாது.

பின்சேர்க்கை: "ராகு காலம் பார்க்க அம்மா விடியும் முன்பே கிழித்துவிடுகிறார்" என்று கமெண்டில் சிலர். மளிகைக் கடையில் இன்னொரு காலண்டர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: எல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லை என்றவர்களில் பலர் மாலை ஆறு மணிக்குக் காபி குடிப்பவர்கள். அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைசிக் காபியை மதியம் இரண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.