வீட்டு வைஃபையில் மட்டும் கம்பெனி மெயில் திறக்கவில்லையா? இப்படிச் சரிசெய்யுங்கள்

மற்ற தளங்களெல்லாம் நன்றாக வருகின்றன. கம்பெனி மெயில் மட்டும் "சர்வருடன் இணைய முடியவில்லை" என்கிறதா? முதலில், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். அதனாலேயே சிக்கல் பெரிதாகலாம்.

படி 1: மொபைல் டேட்டாவில் பாருங்கள்

போனில் வைஃபையை அணைத்துவிட்டு அதே மெயிலைத் திறங்கள். லேப்டாப் என்றால் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். அங்கே திறந்தால் உங்கள் கணக்கும் பாஸ்வேர்டும் சரி. கோளாறு வீட்டு இணைப்புக்கும் சர்வருக்கும் நடுவில்தான். அங்கும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை, கம்பெனி மெயிலைப் பராமரிக்கும் அட்மினிடம்தான் கேட்க வேண்டும்.

படி 2: ஐபி தடையா என்று பாருங்கள்

மெயில் சர்வர்களில் பொதுவாக, சந்தேகமான இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் ஒன்று இருக்கும். ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தவறான பாஸ்வேர்ட் அடுத்தடுத்து வந்தால், யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பார்க்கிறார்கள் என்று அந்த முகவரியையே அது தடுத்துவிடும். வீட்டில் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் எல்லாச் சாதனங்களும் வெளியே பெரும்பாலும் ஒரே ஐபியாகத்தான் தெரியும். அதனால் ஒரு சாதனம் செய்த தப்புக்கு வீடு முழுக்கத் தடை.

கம்பெனியின் இணையதளமும் அதே சர்வரில் இருந்தால், வைஃபையில் அதையும் திறந்து பாருங்கள். அதுவும் வரவில்லை, மொபைல் டேட்டாவில் வருகிறது என்றால், ஐபி தடை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

படி 3: காரணமான சாதனத்தைக் கண்டுபிடியுங்கள்

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. சமீபத்தில் பாஸ்வேர்ட் மாற்றினீர்களா? பழைய பாஸ்வேர்டோடு எங்கோ ஒரு சாதனம் சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும். பழைய போன், டேப்லெட், அவுட்லுக்கில் மறந்துபோன கணக்கு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் பிரிண்டரையும் விட்டுவிடாதீர்கள், அதற்குள்ளும் பாஸ்வேர்ட் இருக்கிறது. புதிய பாஸ்வேர்டைப் போடுங்கள், அல்லது கணக்கை நீக்குங்கள்.

படி 4: தடையை நீக்கச் சொல்லுங்கள்

வைஃபையில் இருந்தபடி கூகுளில் "என் ஐபி முகவரி என்ன" என்று தேடி, உங்கள் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவிலிருந்து அட்மினுக்கோ, சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கோ இப்படி எழுதலாம்: "இந்த ஐபியிலிருந்து மெயில் சர்வரை அடைய முடியவில்லை. மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறது. ஃபயர்வாலில் தடை இருந்தால் நீக்கி, எந்தக் கணக்கால் வந்தது என்றும் சொல்லுங்கள்." அந்தக் கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். எந்தக் கணக்கு என்று தெரிந்தால் சாதனத்தைப் பிடிப்பது சுலபம்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில இணைப்புகளில் புதிய ஐபி கிடைத்து மெயில் திறந்துவிடும். ஆனால் அந்தச் சாதனம் அப்படியே இருந்தால் தடை திரும்ப வரும். சில இணைய நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அங்கே வேறொருவர் செய்ததற்கு நீங்கள் மாட்டலாம். அடிக்கடி நடந்தால் நிலையான தனி ஐபி கேட்டுப் பெறுங்கள்.

மெயில் வருகிறது, ஆனால் போகவில்லையா?

அப்படியானால் போர்ட்டை, அதாவது மெயில் போய்வரும் வாசலின் எண்ணைப் பாருங்கள். ஸ்பேமைத் தடுக்க, வீட்டு இணைப்புகளில் போர்ட் 25-ஐ இணைய நிறுவனங்கள் பலவும் மூடி வைத்திருக்கின்றன. அனுப்பும் சர்வர் அமைப்பில் 587 போட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள். அல்லது 465 போட்டு எஸ்எஸ்எல். இரண்டுமே மெயிலை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் முறைகள். பெறுவதற்கு ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) என்றால் 993. அனுப்பும் சர்வருக்கும் லாகின் தேவை என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டிருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். கம்பெனி சமீபத்தில் மெயிலை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தால், தளப் பெயருக்கு உரிய ஐபியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். எது செய்தாலும், வேலை ஆகட்டும் என்று எஸ்எஸ்எல்லை மட்டும் அணைக்காதீர்கள். அணைத்தால் உங்கள் பாஸ்வேர்ட் வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போகலாம்.