மென்பொருள் ரேடியோவில் ஒலி விட்டுவிட்டு வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்னலைக் கணினி நிரலே கையாளும் மென்பொருள் ரேடியோவில் ஒலி விட்டுவிட்டு வந்தாலே கணினிக்கு வேகம் போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எதையும் மாற்றுவதற்கு முன், மாதிரிகள் (சிக்னலை அடுத்தடுத்து அளந்து கிடைக்கும் எண்கள்) எந்த முனையில் தொலைகின்றன என்று பார்க்க வேண்டும். பிளாக் எனப்படும் சிறு நிரல் பகுதிகளை வரைபடமாக இணைத்து ரேடியோவை உருவாக்கும் குனு ரேடியோ மென்பொருளில், ரேடியோ கருவி அனுப்பும் மாதிரிகளை நிரல் உரிய நேரத்தில் வாங்கிக்கொள்ளாவிட்டால் டெர்மினலில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து விழும். சவுண்டு கார்டுக்குக் கொடுக்க மாதிரிகள் இல்லாமல் போனால் 'ஏ', 'யூ' என்ற எழுத்துகள் சேர்ந்து விழும்.

'ஏயூ' இடைவிடாமல் கொட்டினால், பெரும்பாலும் கணக்குதான் பிழை. நொடிக்கு 24 லட்சம் மாதிரிகளை 50-ஆல் வகுத்துக் குறைத்தால், சவுண்டு கார்டு கேட்கும் 48,000 கிடைக்கும். கருவியின் வேகத்தை 20.48 லட்சமாக மாற்றிவிட்டு 50-ஐ அப்படியே விட்டுவிட்டால் 40,960 மட்டுமே வரும். எத்தனை விலை உயர்ந்த கணினியாலும் மீதியை உண்டாக்க முடியாது.

'ஓ' விழும்போது, மொத்த சிபியு பயன்பாடு 30 சதவீதம்தான் என்று நிம்மதி அடைவது அடுத்த தவறு. குனு ரேடியோவில் வழக்கமாக ஒவ்வொரு பிளாக்கும் தனித் த்ரெட்டில் (தனியே ஓடும் வேலைத் தொடரில்) ஓடுவதால், நான்கு கோர் உள்ள கணினியில் ஒரு த்ரெட் மட்டும் தன் கோரை முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருக்கலாம். த்ரெட் வாரியாகப் பார்த்தால்தான் அது தெரியும். அப்படிச் சிக்குவது பல நேரங்களில் முழு வேகத்தில் ஓடும், வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் குறுகிய ஃபில்டர்தான். 24 லட்சம் வேகத்தில் 5 கிலோஹெர்ட்ஸ் மாறுபகுதி (அனுமதிப்பதிலிருந்து தடுப்பதற்கு மாறும் இடைவெளி) கொண்ட ஹேமிங் வகை ஃபில்டருக்குச் சுமார் 1,600 குணகங்கள் (ஒவ்வொரு விடைக்கும் மாதிரிகளோடு பெருக்கும் எண்கள்) தேவைப்படும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 384 கோடிப் பெருக்கல்கள். எல்லா விடைகளையும் கணக்கிட்டுவிட்டு, அடுத்த பிளாக்கில் 50-க்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது வீண் உழைப்பு. வேகக் குறைப்பை ஃபில்டர் பிளாக்கிற்குள்ளேயே கொடுத்தால், தேவையான விடைகள் மட்டும் கணக்கிடப்பட்டு வேலை 8 கோடிக்கும் கீழே இறங்கிவிடும். சுமையைக் குறைப்பதாக எண்ணி ஃபில்டரையே எடுத்துவிடக் கூடாது. பக்கத்து அலைவரிசைகள் எல்லாம் மடிந்து உள்ளே வந்துவிடும்.

பதிவு செய்யும்போது மட்டும் 'ஓ' விழுந்தால் மெமரி கார்டைச் சந்தேகிக்கலாம். யுஎஸ்பியில் செருகும் ரேடியோ கருவியான ஆர்டிஎல் டாங்கிள் இதே 24 லட்சம் வேகத்தில் தருவது நொடிக்கு 4.8 மெகாபைட், அதை மிதவைப் புள்ளி எண்களாக மாற்றிச் சேமித்தால் 19.2 மெகாபைட் ஆகிவிடும். தொடக்கத்தில் இயங்குதளம் நினைவகத்தில் தாங்கிக்கொள்வதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, பிறகுதான் தடுமாறும். எட்டு பிட்டாகவே எழுதுவது நல்லது.

மாதிரிகளைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் பஃபரைப் பெரிதாக்குவது எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்லப்படுகிறது. அவ்வப்போது வரும் தாமதத்தை அது தாங்கும். தொடர்ந்து வரும் பற்றாக்குறையைத் தள்ளிப்போட மட்டுமே செய்யும். இதில் பலரும் கவனிக்காதது, ரேடியோ கருவிக்கும் சவுண்டு கார்டுக்கும் வெவ்வேறு கடிகாரங்கள் என்பது. இரண்டும் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகியிருந்தால், 48,000 வேகத்தில் நொடிக்கு 2.4 மாதிரிகள் வித்தியாசம் வரும். 4,800 மாதிரிகள் இருப்பில் இருந்தாலும், கருவியின் கடிகாரம் மெதுவாக ஓடினால் சுமார் 33 நிமிடத்தில் இருப்பு தீர்ந்து ஒலி ஒருமுறை அறுபடும். கருவி வேகமாக ஓடினாலோ, மாதிரிகள் சவுண்டு கார்டு முனையில் தேங்கித் தேங்கி, நெரிசல் பின்னோக்கி நகர்ந்து, சிபியு சும்மா இருக்கும்போதே உள்வரும் முனையில் 'ஓ' விழும்! இந்த நிலையில், கருவி இருக்கும் வரைபடத்தில் மாதிரிகளின் ஓட்டத்தைக் கணினியின் கடிகாரப்படி மட்டுப்படுத்தும் த்ராட்டில் பிளாக்கையும் சேர்ப்பவர்கள் மூன்றாவதாக ஒரு கடிகாரத்தை நுழைத்துக் குழப்பத்தைக் கூட்டுகிறார்கள். கருவியே வேகத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த பிளாக்குக்கு வேலை இல்லை. பேச்சைக் கேட்பதற்கு மட்டும் என்றால், சவுண்டு கார்டுக்கு ஒலியைக் கொடுக்கும் ஆடியோ சிங்க் பிளாக் காத்திருக்காமல் மிகுதியை உதறிவிடும்படி அமைத்தால் 'ஓ' நின்றுவிடும். தரவுச் சிக்னல்களுக்கு ஒரு மாதிரி தொலைவதும் பிழையாகும் என்பதால், அவற்றை சவுண்டு கார்டு வழியாகக் கொண்டுபோகாமல் நேரடியாக, தரவைப் பிரித்தெடுக்கும் டீகோடருக்கு அனுப்ப வேண்டும்.